கிண்டிலில் நான் படிப்பது யாருக்கெல்லாம் தெரியும்?

ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மாமியார் வீட்டோடு இருக்கிறார், தாதியாக வேலை. அவர் எழுதியதன் சுருக்கம் இது: "அண்ணே, தீபாவளிக்கு வீட்டுக்காரர் மின்னூல் படிக்கிற கிண்டில் கருவி வாங்கித் தந்தார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து அதில்தான் படிக்கிறேன். அவருடைய கணக்கில்தான் கிண்டில் ஓடுகிறது. அதே கணக்கை என் போனிலும் போட்டிருக்கிறேன், பஸ்ஸில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று. நான் எந்தப் பக்கம் வரை படித்தேன் என்பதுகூட கம்பெனிக்குப் போகிறது என்று கூட வேலை பார்க்கிறவர் சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. எப்போதும் ஏரோப்ளேன் மோடிலேயே வைத்துவிடவா? இல்லை, விற்றுவிட்டுப் பழையபடி புத்தகமே வாங்கவா?"

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பீர்கள், முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விற்க வேண்டாம். எந்நேரமும் ஏரோப்ளேன் மோடில் வைத்திருக்கவும் தேவையில்லை. கிண்டிலைக் கணவர் கணக்கிலிருந்து எடுத்து உங்கள் பெயரில் ஒரு தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். யாருக்குமே தெரியக்கூடாது என்று நினைக்கிற புத்தகங்களை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் கேபிள் வழியாகப் போட்டுப் படியுங்கள். மற்ற புத்தகங்களுக்கு எல்லா வசதியையும் தாராளமாக அனுபவியுங்கள். முழுக் கருவிக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்கப் பார்ப்பதால்தான் இவ்வளவு குழப்பம். முடிவைப் புத்தகத்துக்குப் புத்தகம் எடுத்தால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். இனி விவரமாகப் பார்ப்போம்.

கூட வேலை பார்க்கிறவர் சொன்னது உண்மை. போனில் விட்ட இடத்தில் கிண்டில் தொடங்க வேண்டுமென்றால், விட்ட இடம் எங்கேயாவது பதிவாகியிருக்க வேண்டும். அது கிண்டிலை விற்கிற அமேசான் கம்பெனியின் கணினியில் பதிவாகிறது. எந்தப் புத்தகத்தை எப்போது திறந்தீர்கள், எதுவரை போனீர்கள், எந்த வரிக்குக் கோடு போட்டீர்கள், ஓரத்தில் என்ன குறிப்பு எழுதினீர்கள், எல்லாமே அங்கே போகும். 2020-இல் கார்டியன் பத்திரிகையின் நிருபர் ஒருவர், தன்னைப் பற்றி அமேசான் வைத்திருக்கும் தரவையெல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்தார். எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த வரியைக் குறித்தார் என்பது வரை அதில் இருந்தது. நடுராத்திரியில் தூக்கம் வராமல் நாம் புரட்டுகிற பக்கத்துக்கும் நேரம் போட்டு ஒரு பதிவு விழுகிறது என்று இதற்கு அர்த்தம். கோபோ என்ற வேறு கம்பெனிக் கருவியை வாங்கினாலும் விட்ட இடம் தொடர்கிற வசதி இப்படித்தான் வேலை செய்கிறது.

இதில் எல்லாமே கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். கிண்டில் அன்லிமிடெட் என்கிற மாதச் சந்தாத் திட்டத்தில், வாசகர் எத்தனை பக்கம் படித்தார் என்பதை வைத்துத்தான் 2015 ஜூலையிலிருந்து எழுத்தாளருக்குப் பணம் போகிறது. பக்கத்தை எண்ணாமல் அந்தக் காசைக் கொடுக்க வழியில்லை. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் நூல்கள் அதிகாரப்பூர்வமாக வந்த பிறகு, பதிப்பாளர் யாரையும் நம்பி நிற்காமல் தானே புத்தகம் போட்டுக் காசு பார்த்த தமிழ் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். அந்த வாசலை மூடிவிடு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் நம் பக்கத்தை எண்ணுகிற அதே வழியாகக் கம்பெனியின் கை நம் கருவிக்குள்ளும் வர முடியும். 2009 ஜூலையில் அது நடந்தது. ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டையும் உரிமை இல்லாத ஒருவர் கிண்டில் கடையில் விற்றுவிட்டார். விஷயம் தெரிந்ததும் அமேசான், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அந்தப் பிரதிகளை அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பள்ளிப் பாடத்துக்காகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஒரு மாணவரின் உழைப்பும் அதோடு வீணாகி, அவர் வழக்குப் போட்டார். அப்போதைய அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்கள் எல்லாம் மறைந்தன. பணம் திரும்ப வந்தது, ஓரக்குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மேற்கொண்டு 25 டாலர் கொடுத்தார்கள். குறிப்பு திரும்பவில்லை. வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாகக் கிண்டிலுக்கு மாற்றுகிற வசதியையும் 2025 பிப்ரவரி 26-ஆம் தேதியோடு அமேசான் எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே வாங்குகிற புத்தகம் இணையம் வழியாக மட்டுமே வரும்.

கவனக்குறைவும் ஒரு பக்கம் இருக்கிறது. 2014-இல் அடோபியின் மின்னூல் படிக்கும் மென்பொருளில் ஒரு புதிய பதிப்பு வந்தது. பல நாட்டு நூலகங்களில் மின்னூல் இரவல் வாங்க அதுதான் தேவை. அது யார் எந்தப் புத்தகத்தை எந்தப் பக்கம் வரை படித்தார்கள் என்பதைப் பூட்டுப் போடாத வெறும் எழுத்தாகவே இணையத்தில் அனுப்பிக்கொண்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதே வைஃபையில் இருக்கிற கொஞ்சம் விவரம் தெரிந்த ஒருவர் நினைத்தால் வாசித்திருக்கலாம். சில வாரங்களில் சரிசெய்தார்கள். பிறர் கையில் நம் பட்டியல் இருக்கும்வரை அவர்களுடைய கவனமின்மையும் நம் தலையில்தான் விடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நீங்கள் மிரண்டுபோய்க் கருவியைத் தூக்கி அலமாரியில் பூட்டிவிடக் கூடாது. உங்களுக்கு உண்மையிலேயே சங்கடம் யாரால் வரும் என்பதை யோசியுங்கள்.

நம் ஆட்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் வாசிப்பு என்பது என்றைக்குமே பத்துப் பேர் நடுவில் நடந்த காரியம். தமிழ் நேசன் பத்திரிகை 1924-இல் தொடங்கி 2019 ஜனவரி வரை வந்தது. அந்தக் காலத் தோட்டங்களில் எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிப்பார், சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பார்கள். கோயில் மண்டபத்து நூலகத்தில் யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்பது நோட்டில் பெயரோடு இருக்கும், அடுத்து எடுக்க வருகிறவர் கண்ணில் படும். அதனால் கெட்டுப்போனது ஒன்றுமில்லை, அந்த வாசிப்புதான் நம்மைப் பள்ளிக்கூடம் அனுப்பியது. ஆனால் ஒரு பெண் தனக்கு வந்த நோயைப் பற்றி, பிள்ளை தங்காததைப் பற்றி, மனச்சோர்வைப் பற்றி, அடிக்கிற கணவனை விட்டு வருவதைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துப் படிக்க அந்த ஏற்பாட்டில் இடமே இருந்ததில்லை. மின்னூல் வந்துதான் அந்தத் தனிமை கிடைத்திருக்கிறது. லயத்து வீட்டிலிருந்து தாமானுக்கு மாறினாலும் நம் ஊர் சின்ன ஊர்தான். யார் வீட்டுக் கார் எந்த கிளினிக் வாசலில் நின்றது என்பது சாயங்காலத்துக்குள் மார்க்கெட் வரை வந்துவிடும். அமெரிக்காவில் சியாட்டலில் இருக்கிற அமேசானுக்கு நீங்கள் ஒரு எண். பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் இன்னாருடைய மருமகள். உங்கள் வாசிப்புப் பட்டியல் இரண்டாமவர் கண்ணில் பட்டால் வருகிற விளைவு வேறு.

இந்தக் கண்ணோட்டத்தில் உங்கள் ஏற்பாட்டைப் பார்த்தால், முதல் ஓட்டை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கிண்டிலை மூடி ஹாலில் மேசை மேல் வைக்கிறீர்கள். இப்போது வருகிற மாடல்களில், படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தின் அட்டையே மூடின திரையில் படமாக நிற்கும். மின்மை (இ-இங்க்) திரை என்பதால் அது அணையாது, பேட்டரியும் செலவாகாது, நாள் முழுக்க அப்படியே தெரியும். மாதவிடாய் நிற்கிற காலத்தைப் பற்றிய புத்தகமோ, விவாகரத்துச் சட்டம் பற்றிய புத்தகமோ, தலைப்பு பெரிய எழுத்தில், டீ குடிக்க வந்த சித்தி கண்ணுக்கு நேராக. செட்டிங்ஸில் டிவைஸ் ஆப்ஷன்ஸ் போய் 'டிஸ்ப்ளே கவர்' என்பதை அணைத்துவிட்டால் வெறும் படம்தான் வரும். விளம்பரத்தோடு விற்கிற மலிவு மாடலில் அட்டைக்குப் பதில் விளம்பரம் வரும். அதே இடத்தில் பாஸ்கோட் போடவும் வழி இருக்கிறது. போடுங்கள். பாஸ்கோட் மறந்துபோனால் கருவியை மொத்தமாக அழித்துத்தான் திறக்க முடியும், அதனால் நினைவில் நிற்கிற எண்ணாக வையுங்கள்.

இரண்டாவது ஓட்டை பொதுக் கணக்கு. நீங்கள் ஒரு புத்தகத்தைத் திறந்ததும் உங்கள் கணவரின் போனில் இருக்கிற கிண்டில் செயலியிலும் அந்த அட்டை வந்து முன்னால் உட்காரும். அவர் அதே நாவலைப் படித்துக்கொண்டிருந்தால், 'இன்னொரு கருவியில் இதற்கு மேல் படிக்கப்பட்டிருக்கிறது, அங்கே போகவா?' என்று கேட்கும். வாங்கிய ரசீது அவர் மின்னஞ்சலுக்குப் போகும், தொகை அவர் கார்டில் விழும். நீங்கள் தேடிப் பார்த்துவிட்டு வாங்காமல் விட்டதும்கூட, 'உங்களுக்குப் பிடிக்கலாம்' என்ற பெயரில் அவர் திரையில் வரலாம். கணவர் நல்லவர்தான், வாங்கித் தந்தவரே அவர்தானே. நல்லவராக இருந்தாலும் அவர் போனைப் பிள்ளைகள் எடுப்பார்கள், தம்பி எடுப்பார், கடையில் திரை மாற்றக் கொடுக்கும்போது என்னைப் போன்றவர்கள் எடுப்போம்.

நான் டவுனில் கணினி, போன் பழுதுபார்க்கிற கடை வைத்திருப்பவன். ஒருமுறை ஒருவர் பழைய கிண்டில் ஒன்றை விற்றுத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். திறந்ததும் முதல் பக்கத்திலேயே புத்தக வரிசை. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பற்றி ஒன்று, அந்தச் சிகிச்சையின்போது என்ன சாப்பிடலாம் என்று ஒன்று, கடைசியாகத் திறந்தது துக்கத்தில் இருக்கிறவர்களுக்கான ஒரு சின்ன நூல். கருவியை அவர் விற்கக் கொடுத்த காரணம் எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. அவர் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு குடும்பத்தின் ஒரு வருடம் அந்த ஆறங்குலத் திரையில் வரிசையாக இருந்தது. கணக்கை நீக்கி, கருவியை முழுதாக அழித்துவிட்டுத்தான் வெளியே வைத்தேன். அது அப்படியே பசார் மாலாம் இரவுச் சந்தையில் யார் கைக்காவது போயிருந்தால்? ஆகவே விற்கும்போதோ பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போதோ செட்டிங்ஸில் 'டீரெஜிஸ்டர்' செய்து, பிறகு 'ரீசெட்' கொடுங்கள். இரண்டும் வேண்டும். கருவி தொலைந்துவிட்டால் அமேசான் தளத்தில் உங்கள் கருவிகள் பட்டியலுக்குப் போய் அங்கிருந்தே கணக்கிலிருந்து நீக்கலாம்.

தனிக் கணக்குக்கு வருவோம். புதிதாக ஒரு மின்னஞ்சல், அதில் ஒரு அமேசான் கணக்கு, கிண்டிலைப் பழைய கணக்கிலிருந்து விடுவித்துப் புதியதில் பதிவு, உங்கள் போன் செயலியிலும் அதே புதிய கணக்கு. வேலை அவ்வளவுதான். பஸ்ஸில் போனிலும் வீட்டில் கிண்டிலிலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அப்படியே கிடைக்கும். பழைய கணக்கில் வாங்கிய புத்தகங்கள் மட்டும் கூடவே வராது, அவற்றைக் கணவர் கணக்கு வழியாகத்தான் படிக்க முடியும். பணம் கட்ட, மின்பணப்பையோடு கிடைக்கிற முன்பணம் போட்ட விசா கார்டு வசதியாக இருக்கும். தேவையான அளவு மட்டும் போட்டு வைக்கலாம். இதை ஒளித்துச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. 'என் புத்தகம் தனியாக இருக்கட்டும்' என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். தனி அலமாரி கேட்பதில் யாருக்கும் கோபம் வர நியாயமில்லை. அப்படிச் சொல்லவே முடியாத வீடு என்றால், அங்கே உங்களுக்கு உதவப்போவது செட்டிங்ஸ் கிடையாது, நம்பிக்கையான ஒரு மனுஷர்தான். கருவியை வீட்டுக்கு வெளியே, வேலை செய்யும் இடத்து லாக்கரில் வைத்துப் படிப்பது அந்த நிலையில் பாஸ்கோட்டை விடப் பத்திரம்.

இப்போது, கம்பெனிக்கும் தெரியக்கூடாத புத்தகங்கள். இவை உங்கள் மொத்த வாசிப்பில் நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான் இருக்கும். இவற்றைக் கடையில் வாங்காதீர்கள். தமிழில் கணக்கே கேட்காமல் நூல் தருகிற இடங்கள் நிறைய உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து நடக்கிறது, சங்க நூல் முதல் போன நூற்றாண்டு வரை அங்கே இறக்கிக்கொள்ளலாம். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்களே மனமுவந்து கொடுத்த நூல்கள் இருக்கின்றன, ஆறங்குலத் திரைக்கென்றே தனியாக ஒரு பிடிஎஃப்கூடத் தருகிறார்கள். ஏ4 அளவு பிடிஎஃப் கிண்டிலில் எறும்பு மாதிரி தெரிந்து கண்ணைக் கெடுக்கும், அதனால் இது பெரிய உதவி. ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம், பழைய அச்சுப் புத்தகங்களுக்கு விக்கிமூலம். பெயர் இல்லை, மின்னஞ்சல் இல்லை, கார்டு இல்லை.

இறக்கியதைக் கேபிள் வழியாகப் போடுங்கள், அமேசான் எடுத்துவிட்டது தன்னிடம் வாங்கிய புத்தகத்துக்கான வழியை மட்டும்தான். 'சென்ட் டு கிண்டில்' என்று மின்னஞ்சலில் அனுப்புகிற வழி சுலபம்தான், ஆனால் அந்த வழியில் கோப்பு முதலில் அமேசானுக்குப் போய்த்தான் உங்கள் கைக்கு வருகிறது, அங்கே சேமிப்பிலும் நிற்கும். நம் ஊரில் சிலர் இந்த வழியில் இபிஎஃப் சேமநிதி அறிக்கை, மருத்துவ ரிப்போர்ட், அடையாள அட்டை (ஐசி) நகல் எல்லாம் அனுப்புகிறார்கள், பெரிய எழுத்தில் வாசிக்கலாம் என்று. தயவுசெய்து வேண்டாம். அனுப்பியிருந்தால் அமேசான் தளத்தில் உங்கள் ஆவணங்கள் பகுதிக்குப் போய் அழித்துவிடுங்கள். கருவியில் அழித்தால் மட்டும் போதாது. கேபிளில் போட, இபப் என்ற வகை மின்னூல் கோப்பைக் கிண்டிலுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். கேலிபர் என்ற இலவச மென்பொருள் கணினியில் அதைச் செய்யும், கணக்கு எதுவும் கேட்காது.

ஏரோப்ளேன் மோடைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அது பதிவை நிறுத்துவதில்லை, தள்ளிப் போடுகிறது. இணைப்பில்லாமல் ஒரு வாரம் படித்தாலும் கருவி பக்கத்தை எண்ணி வைத்திருக்கும், வைஃபை கிடைத்ததும் கடைசிப் பக்கத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே அந்த இரண்டு மூன்று புத்தகங்களைப் படிக்கும்போது மோடைப் போட்டுக்கொண்டு, முடித்ததும் கோப்பை அழித்துவிட்டு, அதன் பிறகு வைஃபையைத் திறக்கிற பழக்கம் நல்லது. முழு நிச்சயம் வேண்டுமென்றால், எந்தக் கணக்கிலும் பதிவு செய்யாத, வைஃபையே கொடுக்காத ஒரு பழைய கருவியை அதற்கென்று வைத்துக்கொள்ளலாம். மற்றபடி ஏரோப்ளேன் மோட் போடுவதில் வேறு லாபம் உண்டு: செம்பனைக் காட்டுக்குள் லைன் கிடைக்காத வீடுகளில் கருவி சிக்னல் தேடித் தேடிப் பேட்டரியைத் தின்னாது.

கிண்டிலைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற நீங்கள் போனைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் அதிகக் கவலை. நம் ஊரில் பெரும்பாலோர் படிப்பது போனில், வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வருகிற பிடிஎஃப்பில். அதைத் திறக்க ஏதோ ஒரு இலவசச் செயலியை இறக்குகிறார்கள், அது 'எல்லாக் கோப்புகளையும் பார்க்க அனுமதி' என்று கேட்கிறது, அவசரத்தில் சம்மதம் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு புத்தகத்தைக் காட்ட ஒரு செயலிக்கு உங்கள் சேமிப்பு முழுவதும் எதற்கு? கல்யாணப் படம், வங்கி ஸ்லிப், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகல் எல்லாம் அதே சேமிப்பில்தான் இருக்கின்றன. அமேசான் எண்ணுவது நீங்கள் படித்த பக்கத்தை. யார் செய்தது என்றே தெரியாத ஒரு செயலி என்னவெல்லாம் எடுக்கும் என்பதைக் கேட்க அலுவலகமோ முகவரியோ இருக்காது. செட்டிங்ஸில் அனுமதிகள் பகுதியைத் திறந்து, பிடிஎஃப் செயலிக்குக் கொடுத்த கோப்பு, தொடர்பு எண், இருப்பிட அனுமதிகளை எடுத்துவிடுங்கள். போனோடு வந்த கோப்புச் செயலியே பெரும்பாலும் பிடிஎஃப்பைத் திறந்துவிடும். ஆண்ட்ராய்டு 12-உம் அதற்கு மேலும் இருந்தால், தனியுரிமைப் பகுதியில் விளம்பரங்கள் என்ற இடத்தில் விளம்பர அடையாள எண்ணையே அழிக்க முடியும். ஒரு நிமிட வேலை, விட்டுக்கொடுக்கிற வசதி எதுவும் இல்லை.

அந்த டெலிகிராம் பிடிஎஃப்களில் பாதி திருட்டு நகல். மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் கைக்காசைப் போட்டுப் புத்தகம் அச்சடித்து, வெளியீட்டு விழாவில் விற்று, மிச்சத்தை வீட்டு அறையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தெரிந்தவர் புத்தகமாக இருந்தால் அவரிடமே ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். தரவு எதுவும் போகாத வியாபாரம் அது.

சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்றும் கேட்பீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 நம் நாட்டில் 2013 நவம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு நிறுவனத்தைக் கேட்கும் உரிமை அதில் இருக்கிறது, கேட்டால் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். 2024-இல் செய்த திருத்தத்தின்படி, தரவு கசிந்தால் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை 2025 ஜூனிலிருந்து இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டம் வணிகக் கொடுக்கல் வாங்கலுக்குத்தான், மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. தேசிய நூலகத்தின் யு-புஸ்தாகாவில் மின்னூல் இரவல் எடுக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை, நாவலும் சமையலும் சரித்திரமும் தாராளமாக எடுங்கள். கலிஃபோர்னியாவில் 2012-இலிருந்து, ஒருவர் என்ன படித்தார் என்பதை அரசு கேட்டால் நீதிமன்ற ஆணை வேண்டும் என்று வாசகருக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. அதற்கு முன்பே, ஒரு வரி மோசடி விசாரணையில் பழைய புத்தகம் வாங்கியவர்களின் பெயரை அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் கேட்டபோது அமேசான் மறுத்து நின்றது, நீதிபதியும் வாசகர் பக்கமே நின்றார். 2007-இல் இது வெளியே தெரிந்தது. கம்பெனி நம் பக்கம் நின்ற நாளும் உண்டு என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். பட்டியல் ஒன்று இருந்ததால்தான் கேட்கவே முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கு உங்கள் கணக்கைக் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூட டெலிமா கணக்கு பள்ளி வேலைக்கு மட்டும் இருக்கட்டும், அவர்கள் கதை படிக்கிற இடத்தில் அதைப் போட வேண்டாம். படிக்கிற புத்தகங்களை நண்பர்களோடு பகிர்கிற குட்ரீட்ஸ் தளத்தில் கணக்கு வைத்திருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள். 2013-இல் அதை வாங்கியது அமேசான்தான், கிண்டிலோடு இணைத்தால் நீங்கள் படிக்கிற புத்தகம் நண்பர்கள் பார்வைக்குப் போகிற வாய்ப்பு இருக்கிறது. உங்கள் மாமியார் அதில் இருக்க மாட்டார். கூட வேலை பார்க்கிறவர்கள் இருக்கலாம்.

கணக்கை மாற்றுவதற்கு முன் ஒன்று செய்துவிடுங்கள். இத்தனை மாதமாக நீங்கள் போட்ட கோடுகளும் எழுதிய குறிப்புகளும் கணவர் கணக்கில் இருக்கின்றன. அமேசானின் கிண்டில் குறிப்பேட்டுப் பக்கத்தில் புத்தக வாரியாக அவை தெரியும். தேவையானவற்றை நகலெடுத்து உங்கள் கணினியில் ஒரு கோப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள். கருவியை விடுவித்தால் அவை உங்களோடு வராது, அங்கேயே நிற்கும். எடுத்துக்கொண்ட பிறகு, நீங்கள் அங்கே விட்டுவர விரும்பாத குறிப்புகளை ஒவ்வொன்றாக அதே பக்கத்தில் அழித்துவிட்டு, அதற்குப் பிறகு 'டீரெஜிஸ்டர்' அழுத்துங்கள். எங்கேயாவது சிக்கினால் வேலை முடிந்து கடைக்குக் கொண்டு வாங்க, பாஸ்கோட்டை நீங்களே அடிங்க, எனக்குச் சொல்ல வேண்டாம்.